எல்பினிகி ஊர் பார்க்க வந்தாள்

நவம்பர் 25
வடக்குக் காற்று. ஜன்னல் கதவை மறுபடி கயிறு போட்டுக் கட்டினேன். மத்தி மீன் வாங்கக் கீழே போனேன். ப்ரோத்ரொமோஸ் மீனைப் பொதிந்துகொண்டே சொன்னான்: "வர்வாராக்கா, உன் தங்கச்சி வந்திருக்கு, மெல்போர்ன்லேர்ந்து. துறைமுகத்து ஓட்டல்ல ரூம் போட்டிருக்கு."
ஓட்டலில்!

நவம்பர் 26
அம்மா படுக்கையில் கிடந்தபோது எல்பினிகி வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. ஒரு போன், அவ்வளவுதான். இப்போது ஓட்டல். பிறந்த வீடு மேட்டில் நிற்கும்போது ஓட்டலில் தங்குவது யார்? கப்பலில் வந்து இறங்கும் ஜெர்மன்காரர்கள். கவாலா ஊர் முழுக்க என் வாசலைப் பார்த்து என்ன பேசும்? அவளைத் தேடி நான் போகமாட்டேன்.

நவம்பர் 28
ரொட்டி வாங்கத்தான் போனேன். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய நீர்ப்பாலத்து வளைவுகளுக்குக் கீழே நின்றிருந்தாள். கையில் ஊன்றுகோல். யாரோ வெளிநாட்டுத் தம்பதிக்கு விளக்கம் வேறு – ரோமர் கட்டியதாம்! நான் நூலகத்தில் கிடந்து இந்த ஊர்ச் சரித்திரம் படித்தவள். எப்படிச் சும்மா இருக்க?
"ரோமரா? இப்ப நிக்கிற கல்லு சுல்தான் காலத்துது."
திரும்பினாள். "அக்கா..."
"தப்புத் தப்பா சொல்லாதே."
"உனக்கு வயசாயிடுச்சு அக்கா."
"உனக்கு மட்டும் குறையுதாக்கும்?"
அந்தத் தம்பதி நழுவிவிட்டார்கள். நான் சொன்னேன்: ஊரை நான் காட்டுகிறேன், நீ உளறிக்கொண்டு திரியாதே, ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. தலையாட்டினாள்.
வீட்டுக்கு வா என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 29
கோட்டை. படிகள் வழுக்கின. கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் உதறவில்லை. உச்சியில் கடல் தெளிவாக இருந்தது, தாசோஸ் தீவு கைக்கெட்டும் தூரத்தில். அவள் தீவைப் பார்க்கவில்லை. கீழே நம் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"ஓடு மாத்திட்டியா?"
"மாத்தினேன்."
"ரொம்ப ஒழுகிச்சா?"
"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."
இறங்கும்போது எள் ரொட்டி வளையம் ஒன்று வாங்கிப் பிய்த்தாள். எள் அதிகம் ஒட்டியிருந்த பாதியை எனக்குத் தந்தாள். இது என்ன, இரக்கமா? தின்றேன்.

டிசம்பர் 1
புகையிலை அருங்காட்சியகம். போயிருக்கவே கூடாது. இலை தரம் பிரிக்கும் பெண்கள் உட்கார்ந்த தாழ்ந்த பலகைகள். கூடம் முழுக்க அந்த வாசனை. அது அம்மாவின் தலைமுடி வாசனை. எல்பினிகி அங்கேயே நின்று அழுதாள். பேச்சையும் மீறினாள்.
"பயந்துட்டேன் அக்கா. அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு நீதானே போன்ல சொன்னே. நான் வந்து நின்னு, 'நீ யாரு'ன்னு கேட்டுட்டான்னா?"
"என்னைத் தினமும் கேட்டா. நான் ஓடிப் போனேனா?"
அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.
நான் சொன்னது சரிதான். சரியானதைச் சொன்ன பிறகும் ஏன் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்?

டிசம்பர் 3
பாயசத்துக்குக் கோதுமை ஊறுகிறது. உலர்ந்த அத்தி, திராட்சை, வாதுமை எல்லாம் நறுக்கியாயிற்று. நாளை புனித வர்வாரா திருநாள்; அவர் பேரே எனக்கும் என்பதால் என் பேர்நாள். பேர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், நினைவிருப்பவர்கள் வருவார்கள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. வருவாள்.
வராவிட்டால் போகட்டும்.

டிசம்பர் 4
காலையில் பாயசக் கிண்ணங்களை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். மாலை கூடம் நிறைய ஆட்கள். அவள் இல்லை. ஒவ்வொரு முறை படியில் சத்தம் கேட்டபோதும் நான் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். ப்ரோத்ரொமோஸ் புட்டியோடு வந்தான்.
"உன் தங்கச்சி ஓட்டல் வாசல்ல நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. 'அக்கா கூப்பிட்டாளா'ன்னு என்னைக் கேக்குது."
"பேர்நாளுக்கு யாருடா கூப்பிடுவாங்க?"
"நம்மூர்ல இல்ல. அது இருக்கிற ஊர்ல கூப்பிடாம போனா கதவே திறக்க மாட்டாங்களாம். பாதி ஆஸ்திரேலியாக்காரி ஆயிடுச்சு, என்ன பண்ண? ஒரு கிண்ணம் குடு, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."
கிண்ணத்தில் ஊற்றியும் விட்டேன். பிறகு பானையிலேயே திருப்பிக் கொட்டினேன். கிண்ணம் போவது அண்டை வீட்டுக்கு. வீட்டுப் பெண் பானையிலிருந்து எடுத்துத் தின்பாள்.
விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் இறங்கினேன்.

டிசம்பர் 5
நேற்று ஓட்டல் வாசலில் நான் அவளைக் கூப்பிடவில்லை. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். "பெட்டி எங்கே?" என்று மட்டும்தான் கேட்டேன்.
அவள் எழுந்தாள். ஊன்றுகோலால் மேலே காட்டினாள். "மாடியில" என்றாள்.
துணிகளை நானே மடித்தேன். அவளுக்கு இன்னும் மடிக்கத் தெரியவில்லை. ப்ரோத்ரொமோஸ் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "என்னம்மா, ஆஸ்திரேலியாவையே உள்ளே வச்சுப் பூட்டிட்டியா?" என்று வழியெல்லாம் முனகினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் மூச்சு வாங்க நின்றாள். நானும் நின்றேன், என் முழங்காலுக்காக.
விருந்தாளிகள் போயிருந்தார்கள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து பானையிலிருந்தே கரண்டியால் எடுத்துத் தின்றாள்.
"பட்டை ஜாஸ்தி" என்றாள்.
"அம்மா அவ்வளவுதான் போடுவா."
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா என்ற சொல்லை எடுத்தது நான்.

டிசம்பர் 6
மாலுமிகளின் புனித நிக்கோலாஸ் நாள். துறைமுகத்தில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் ஊதின. இரண்டு பேரும் கோயிலுக்கு இறங்கினோம். வழியில் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: அம்மா விஷயத்தில் நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சரி அக்கா" என்றபடி என் கழுத்துத் துணியை இழுத்து மூடினாள்.
கோயில் வாசலில் பழைய பள்ளித் தோழி காத்தினா அவளைக் கட்டிக்கொண்டாள். "எல்பினிகியா! ஐயோ, எப்படிடி இருக்கே? எத்தனை நாள் இருப்பே?"
கேள்வி அவளிடம்தான். பதில் சொன்னது நான்.
"குளிர் முடியட்டும், பாக்கலாம்."