புதன்கிழமை இரவு எங்களை மீட்க வேண்டாம் என்பது குறித்து

அனுப்புநர்:
குஸும் கஷ்யப்,
பத்தாம் வகுப்பு, அரசுப் பெண்கள் பள்ளி,
மேம்பாலத் தூண் எண் 42, தெற்குப் பக்கம்,
டெல்லி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வீடற்றோர் உதவிப் பயிற்சி மையம்,
(தூண் எண் 42-க்கு எதிர்க் கட்டடம்),
டெல்லி.

பொருள்: செய்முறைத் தேர்வுக்காக எங்கள் குடும்பத்தை மீட்பதை வேறு நாளுக்கு மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாலையோரம் தூங்குகிறவர்களிடம் எப்படிப் பேசி இரவுக் காப்பகத்துக்கு அழைத்துப் போவது என்று தங்கள் மையத்தில் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். பயிற்சியின் கடைசி இரவில் செய்முறைத் தேர்வு நடக்கிறது. எதிரிலேயே நாங்கள் இருப்பதால் ஒவ்வொரு குழுவும் எங்களைத்தான் மீட்கிறது. ஒவ்வொரு முறைக்கும் என் தம்பி மோனு தூணில் கரியால் ஒரு கோடு போட்டு வந்தான். இப்போது அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இடமில்லை.

2. பயிற்சிக்கு வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. நின்றபடி பேசாமல் மண்டியிடுகிறார்கள், பெயர் சொல்கிறார்கள், கேட்காமல் போர்வையைத் தொடுவதில்லை. போன மாதம் ஒரு அண்ணன் தன் பெயரைச் சொன்னதும் அடுத்தது மறந்துபோய் விழித்தார். போர்வைக்குள் இருந்தபடியே மோனு, "அண்ணா, இப்ப 'பக்கத்துல உக்காரலாமா'ன்னு கேக்கணும்" என்று எடுத்துக் கொடுத்தான். மதிப்பெண் போடும் காண்ட்பால் சார் அந்த அண்ணனுக்கு முழு மதிப்பெண் போட்டார். மோனுவுக்கு ஒன்றும் போடவில்லை. அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் இருக்கிறது.

3. தங்கள் நான்காவது பாடம், "வேண்டாம் என்றால் மதித்து விலகவும்" என்பது. ஆனால் யாராவது காப்பக வண்டியில் ஏறினால்தான் தேர்ச்சி என்பதால், வேண்டாம் என்றதும் அவர்கள் முகம் அழுவதுபோல் ஆகிவிடுகிறது. என் அம்மா பூல்வதிக்கு அது தாங்காது. "பாவம்டி, எவ்ளோ படிச்சுட்டு வந்திருக்கான். நம்மால ஒரு புள்ள ஃபெயிலாகணுமா? எழுந்து செருப்ப மாட்டு" என்பார். நாங்கள் மூவரும் ஏறிவிடுவோம்.

பக்கத்துத் தூணில் இருக்கும் பலூன்கார சாச்சாவை யாரும் மீட்பதில்லை. ஒருமுறை அவரிடம் போனபோது, "நேத்துதான் ஒரு கூட்டம் வந்து என் மனசோட பேசிட்டுப் போச்சு. இன்னிக்கு அதுக்கு லீவு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் காண்ட்பால் சார் அந்தப் பக்கம் குழுவை அனுப்புவதில்லை. கல்யாண பேண்டில் விளக்குத் தூக்கும் என் அப்பா விடிகாலையில் வந்து, எங்களைக் காணாமல் நிற்கும்போது சாச்சாதான் தகவல் சொல்வார்: "தேடாதப்பா. மறுபடியும் காப்பாத்திட்டாங்க."

4. காப்பகம் யமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரஜாய்ப் போர்வை கனமாக இருக்கும், பருப்பும் நன்றாக இருக்கும். ஆனால் அழைத்துப் போக மட்டுமே வண்டி. திரும்புவதற்கு நாங்களே பஸ் மாறி மாறி வரவேண்டும். இப்படித்தான் ஜனவரியில் கணக்கு மாதிரித் தேர்வு எனக்குத் தவறியது. வகுப்பாசிரியை காரணம் கேட்டார். "ராத்திரி என்னை மீட்டுட்டாங்க, மேடம்" என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்.

5. வரும் வியாழக்கிழமை கணக்குப் பொதுத் தேர்வு. பத்து மணிக்குப் பிறகு வாசலைத் திறக்க மாட்டார்கள். தங்கள் புதிய குழுவுக்கோ புதன்கிழமை இரவு தேர்வு. நேற்று காண்ட்பால் சார் வந்து சொன்னபோது அம்மா, "வாங்க சார், நாங்க எங்க போயிடப் போறோம்" என்று சொல்லிவிட்டார். நான் தேறாவிட்டால் பரேலியில் அத்தையின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அத்தைக்கு நான்கு குழந்தைகள். ஐந்தாவது ஹோலிக்குப் பிறகு பிறக்க இருக்கிறது.

6. நேரில் வந்து சொல்லப் பயமாக இருக்கிறது. காப்பகம் வேண்டாம் என்று நான் எழுதியது போலீசுக்குத் தெரிந்தால், "அப்போ தூணையும் காலி பண்ணு" என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் சார் மனம் நோகுமே என்று அழுவார். ஆகவே எல்லோரும் தூங்கிய பின் தெருவிளக்கில் எழுதுகிறேன். யாராவது விழித்தால் மறைக்க, மேலே கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம்.

7. அம்மா மறுக்க மாட்டார் என்பதால் நானே மறுக்கப் பழகுகிறேன். மோனு பயிற்சிக்கு வருகிறவர் மாதிரி மண்டியிட்டு உதட்டைப் பிதுக்குகிறான். இதுவரை ஒவ்வொரு முறையும் நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். புதன்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

ஆகவே ஐயா, தேர்வை ஒரே ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டுகிறேன். வியாழன் இரவு நாங்கள் எல்லோரும் மனமார ஏறுவோம், முகூர்த்தம் இல்லையென்றால் அப்பாவும் வருவார். தள்ளிவைக்க முடியாதென்றால், புதன் இரவு நான் "வேண்டாம்" என்றதும், "சரிம்மா, நல்லா எழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கு முழு மதிப்பெண் தரும்படி காண்ட்பால் சாருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அப்படிச் செய்தால் அவர்களும் ஃபெயிலாக மாட்டார்கள், நானும் ஆக மாட்டேன். வசனம் மறந்தவர்களுக்கு மோனு எடுத்துக் கொடுப்பான்.

இடம்: தூண் எண் 42
நாள்: பிப்ரவரி, திங்கள் இரவு

தங்கள் வண்டிக்கு நன்கு பழக்கமான,
குஸும் கஷ்யப்

பின்குறிப்பு: பதில் தருவதாக இருந்தால் பலூன்கார சாச்சாவிடம் தரவும். ராத்திரியில் அவர் எப்போதும் வீட்டில் இருப்பார்.