சாத்துக்குடி அளவு

செஞ்சி
9-2-1967

பிலாய் இரும்பு ஆலையை ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் மருமகன் நேமிநாதனுக்கு, செஞ்சிக் கோட்டையின் முடிசூடா மகாராஜாவான உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதியது.

உன் அம்மா சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மணிலாக் கொட்டை நல்ல விலை போகிறது.

ஒரு மாதமாக என் தொப்புளுக்கு மேலே ஏதோ துடிக்கிறது. ராஜகிரிக் கோட்டையில் பீரங்கி வெடிக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "குடல் ஏறிக்கிச்சுடா உனக்கு" என்று சொல்லி, வயிறு தடவும் செல்லம்மாளைக் கூட்டிவந்தாள். விளக்கெண்ணெய் போட்டு இரண்டு நாள் அழுத்தித் தேய்த்தாள் செல்லம்மாள். மூன்றாம் நாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இன்னா நயினாரே, உள்ள கோழிக்குஞ்சு கணக்கா துடிக்குது? எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

மதராஸ் போனேன். டாக்டர் வயிற்றில் விரல் வைத்ததும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக்குழாய், பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்தில் புடைத்திருக்கிறதாம். எண்ணெய் தேய்த்த கதையைச் சொன்னதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இனி யாரும் அங்கே கை வைக்கக் கூடாது. வெடித்தால் திண்டிவனம் தாண்டக்கூட நேரம் இருக்காது.

உன் அம்மாவிடம் பூசணிக்காய் அளவு என்றேன். சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி செல்லம்மாளை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் சொன்னது சாத்துக்குடி அளவு. உனக்கு அதையே எழுதுகிறேன்.

இருபதாம் தேதி ஆபரேஷன். புடைத்த இடத்தை வெட்டிவிட்டு டெரிலின் துணிக் குழாய் வைத்துத் தைப்பார்களாம். கல்யாணத்துக்கு டெரிலின் சட்டை கேட்டாயே, நான் முந்திக்கொண்டேன். இதுவரை ஆறு பேருக்குச் செய்திருக்கிறார்கள். மூன்று பேர் நடந்து வீட்டுக்குப் போனார்களாம். மற்ற மூவரைப் பற்றி நான் கேட்கவில்லை. ரத்தம் எட்டு பாட்டில் வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும்.

நான் சொல்வதில் பத்துக்கு ஒன்பதைத் தள்ளிவிடுவது நம் வீட்டு வழக்கம். பழக்கியவன் நான்தான். இந்தக் கடிதத்தில் மகாராஜாவை மட்டும் தள்ளு. மற்றதைத் தள்ளாதே.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய்.

நூறு வருஷம் நன்றாக இரு, கண்ணு. பத்தொன்பதாம் தேதிக்குள் வந்துவிடு.

உன் மாமன்,
அனந்தநாதன்