விரல் வைத்துப் படிப்பவளுக்கும் தேர்வு எழுத ஒரு வழி கேட்டு

அனுப்புநர்
இஸ்திரி போடும் பெண்,
மருத்துவமனைச் சலவைக்கூடம்,
பின்புறக் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்
உயர்திரு அதிகாரி அவர்கள்,
ஓட்டுநர் உரிம அலுவலகம்.

பொருள்: ஓட்டுநர் உரிமத்துக்கான கணினித் தேர்வில் மூன்று முறை தோற்றது – அடுத்த முறை தாளிலோ வாய்மொழியாகவோ பதில் சொல்ல அனுமதி கேட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இந்த மனுவை நானே எழுதுகிறேன். திருத்தித் தருகிறேன் என்று வந்த என் வீட்டுக்காரர் புதிதாகச் சில பிழைகளைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். பொறுத்துக்கொள்ளவும்.

2. பல வருடமாக நீராவி அறையில் நின்று எனக்கு இப்போது மூச்சு இழுக்கிறது. இனி அங்கே நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி ஏற்றும் வேனின் டிரைவர் வேலையை விட்டுப் போகிறார். இந்த மாதக் கடைசிக்குள் கணினித் தேர்வில் தேறிக் காட்டினால் அந்த இடத்தை எனக்கு வைத்திருப்பதாக எங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் வெளியாள் வருவார். நான் நீராவிக்கே போக வேண்டும்.

3. படிக்காமல் வந்து தோற்றேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. நான் காய் நறுக்கும்போது வீட்டுக்காரர் கேள்விப் புத்தகத்தை வாசிப்பார், நான் பதில் சொல்வேன். வட்டமான சின்னங்களுக்குக் குழம்புச் சட்டி மூடியைத் தூக்கிக் காட்டுவார். அவருக்கே எல்லாம் மனப்பாடம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனிதர், பாவம்.

4. எனக்கு வரியின் கீழே விரல் ஓட்டிப் படித்துத்தான் பழக்கம். தங்கள் அலுவலகத்துத் திரையிலும் அப்படியே படித்தேன். கேள்வியை முடித்து முதல் பதிலைப் படிக்க விரல் வைத்தேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது. இயந்திரத்துக்கு என்னைவிட அவசரம் போல என்று நானும் வேகமாக விரலை ஓட்டினேன். இரண்டு முறை இப்படியே தோற்றேன். இரண்டாம் முறை முடிவைப் பார்த்த ஊழியர், "என்னம்மா, எல்லாத்துக்கும் முதல் பதிலையே தொட்டிருக்கீங்க, சாமி கும்பிட்டுட்டுத் தொட்டீங்களா?" என்றார். "சாமியும் என்னை மாதிரி மெதுவாத்தான் படிக்கும்போல தம்பி" என்றேன். சிரித்துவிட்டு வந்தேன். தொட்டாலே அது பதிலாகிவிடும் என்று படி இறங்கும்போதுதான் புரிந்தது.

5. மூன்றாம் முறை திரையில் படாமல் விரலை மேலே பிடித்து ஓட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சைகை காட்டுவதாக நினைத்த மேற்பார்வை அம்மா, கையை மடியில் வைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. ஆனால் விரல் இல்லாமல் எனக்கு ஒரு வரி இன்னொரு வரியோடு கலந்துவிடுகிறது. பாதிக் கேள்விகளைக்கூடத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்தது. அன்று யாரிடமும் நான் வேடிக்கையாகப் பேசவில்லை.

6. ஆகவே ஐயா, கேள்விகளைத் தாளில் தர வேண்டுகிறேன். அல்லது யாராவது ஒருவர் வாசிக்கட்டும், நான் வாயால் பதில் சொல்கிறேன். இரண்டுமே முடியாது என்றால், திரையின் மேல் ஒரு காகிதத்தைப் பிடித்து வரி வரியாக இறக்கிப் படிக்கவாவது விட வேண்டும். கேள்விகளைக் குறைக்கவோ மதிப்பெண் கூட்டவோ நான் கேட்கவில்லை. பதில் தெரியாமல் தோற்றால் வாய் பேசாமல் போய்விடுகிறேன்.

அடுத்த தேர்வுக்கு வரும் புதன்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் எனக்குக் கிடைக்கும் கடைசி நாள் அதுதான். இந்த மனுவை அதற்கு முன்பே தாங்கள் பார்த்து, தேர்வு அறைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். எனக்குப் பதில் கடிதம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் காலையிலேயே வந்து வாசல் பெஞ்சில் இருப்பேன், யாராவது கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அலுவலகத்துக்கு நான்காவது முறை வரவிருக்கும்
இஸ்திரி போடும் பெண்
(கையொப்பம்)

இடம்: சலவைக்கூடக் குடியிருப்பு
நாள்: வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த பின்