தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் பாலம் வேலை முகாமுக்கு வந்துபோகும் சாமான் லாரியில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. பாலத்தின் இரண்டாவது தூண் எழும்பிவிட்டது, இருமலும் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். தூணைப் பற்றி எனக்கென்ன, இருமல் நின்றதே போதும். இங்கே உடம்பளவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மற்றதைக் கீழே எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

உன் தங்கைக்குச் சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது. மலை மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கு வாரா வாரம் தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகும் வேலை. பாதி வழிக்கு மேல் ரோடே கிடையாது என்று உனக்குத் தெரியும். அவள் ஸ்கூட்டர் முதல் ஏற்றத்திலேயே படுத்துவிட்டது. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்திருக்கிறாள். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்து மருந்தெல்லாம் வீணாகிவிட்டது. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்களிடம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் நீ மலைக்கு ஓட்டிப்போன மோட்டார் சைக்கிள் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

நாலு வருஷமாக நான் அந்தப் பக்கம் பார்க்காமலே துணி காயப்போடப் பழகியிருந்தேன். சீட்டை எலி கடித்து பஞ்சு வெளியே தொங்குகிறது. காற்று வடிகட்டும் டப்பாவுக்குள் எலி குட்டி போட்டுக் குடும்பம் நடத்தியிருக்கிறது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறதாம், இன்ஜின் அன்றைக்கு இறுகியது இறுகியபடியே இருக்கிறது.

உன் அப்பா பம்ப் ஹவுஸில் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தார். அவளிடம் பேசவில்லை. "அதை மறுபடி மூடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவளும் என்னிடமே, "வேற வண்டி காட்டச் சொல்லும்மா, மூடிடுறேன்" என்றாள். இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். சாம்பார் கரண்டியோடு நடுவில் நிற்கும் எனக்குத்தான் இரண்டு பக்கமும் திட்டு.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே வண்டி, அதே மலை. அந்த வளைவில் இன்ஜின் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டதும், நீயும் பின்னால் உட்கார்ந்திருந்த உன் சிநேகிதனும் பள்ளத்தில் விழுந்ததும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், மறந்தால் இன்ஜின் உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. டேங்க் பாறையில் மோதிப் பிளந்து பெட்ரோலெல்லாம் மண்ணோடு போய்விட்டது, ஆயில் கலந்திருந்ததா என்று பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. "ஆயில் கலக்க மறந்தவன் இனி என் வீட்டுல எதையும் தொடக்கூடாது" என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னார். நீ "கலந்தேன்ப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அதோடு பெட்டியைக் கட்டிவிட்டாய்.

இப்போது நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உன் தங்கை அந்தச் சிநேகிதனை, நம் ஒட்டடைக்குச்சியை, உதவிக்குக் கூப்பிட்டுவிட்டாள். அந்த வண்டியை உன்னோடு சேர்ந்து பிரித்துப் பூட்டியவன் அவன்தானே. விபத்துக்குப் பிறகு அவன் நம் கேட்டைத் தாண்டியதில்லை. இடுப்பு சரியாகக் கூடாமல் கையில் நிஜமாகவே ஒரு குச்சியோடு நடக்கிறான். அந்தப் பட்டப்பெயரை இப்போது நான் மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் கடிதத்தில். நேற்று வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "இன்ஜினை நான்தான் பிரிப்பேன். உள்ளே என்ன இருக்குன்னு என் கண்ணால பார்க்கணும்" என்றான். குரலில் சிநேகம் இல்லை.

பிரித்தால் உள்ளே என்ன இருக்குமோ தெரியவில்லை. எது இருந்தாலும் உள்ளபடி எழுதுகிறேன். வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தை லாரி டிரைவர் கையிலேயே கொடுத்து, உன்னிடம் நேரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஆயில் கலந்திருக்கிறாய். அது எங்கள் எல்லோருக்கும் இப்போது தெரியும்.

நடந்தது இதுதான். இறுகிய பிஸ்டனை எடுக்க சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள். நாள் கணக்கில் அசையவில்லை. பிறகு மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து புது சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். பஸ் சீட்டுக்குத் தைத்துத் தைத்துப் பழகின கை, அதுபாட்டுக்கு ஓடியது. காது மட்டும் உள்ளே இருந்தது.

ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜின் என்றால் உள்ளே எல்லாமே காய்ந்து, பேரிங் சூட்டில் நீலம் பூத்துக் கிடக்குமாம். ஒட்டடைக்குச்சி அதைத்தான் எதிர்பார்த்தான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது. ஆனால் பிஸ்டனில் ஒரு பக்கம் மட்டும்தான் உரசல். அடியில் இருக்கும் பேரிங்குக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தான். விரல் நுனியில் பச்சை நிறத்தில் ஆயில் பிசுபிசுப்பு. அதையே வெகு நேரம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல், "கலந்திருக்கான்" என்றான். நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

பிறகு ஏன் இறுகியது என்று உன் தங்கை கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இன்ஜினின் இடது பக்கத்தில், தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சீல் என்கிறார்கள். அதன் உதடு ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. தண்டில் கத்தி முனைபோல் ஒரு வெட்டு உண்டாம். அதன் மேல் டேப் சுற்றாமல் சீலை மாட்டினால் உதடு கிழிந்துவிடுமாம். அந்தக் கிழிசல் வழியாகக் காற்று உள்ளே போகப் போக, பெட்ரோல் போதாமல் சூடு ஏறி, பிஸ்டன் உப்பி, சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நீ எவ்வளவு ஆயில் கலந்திருந்தாலும் அது நடந்திருக்கும்.

"இதைக் கடைசியா யார் மாத்தினது?" என்று உன் தங்கை கேட்டாள்.

ஒட்டடைக்குச்சி சீலை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான். கேட்டு முடித்த பிறகு அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டாள். நீங்கள் மலைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் உட்கார்ந்து, "பம்புக்குப் போடுற மாதிரிதானே, நானே மாத்தித் தர்றேன், நீ போய்க் குளி" என்று உன்னை அனுப்பியது யார் என்று உனக்கும் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருக்கும்போது எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. உன் அப்பா கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அதை எடுக்கத்தான் வந்திருக்கிறார். எந்த வார்த்தையிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார், அந்தச் சீலை எடுத்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், கிழிசலைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு ஒரு கண்ணாடிப் பொருளை வைப்பதுபோல் மெதுவாக மேஜை மேல் வைத்தார். கையைக் கழுவினார். வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் சாப்பிடுகிறார், தூங்கப் போகிறார், ஆனால் தூங்குவதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. பம்ப் ஹவுஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்புகளையெல்லாம் நிறுத்திவிட்டு, தான் போட்ட சீல்களைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கூட வேலை பார்ப்பவர் கவலையோடு என்னிடம் வந்து சொன்னார்.

நீ கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. அதைத் தடுக்க நான் எழுதவில்லை. உண்மை உனக்குத் தெரியாமல் இன்னொரு நாள்கூடப் போகக்கூடாது என்றுதான் எழுதினேன்.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

"அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்" என்று ஒரே வரி எழுதி அனுப்பியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

வண்டி பூட்டி முடிந்தது. புது பிஸ்டன், புது சீல். உன் தங்கை டேப் சுற்றித்தான் மாட்டினாள். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு எலக்ட்ரானிக் பெட்டி, மழையில் வழி தெரிய வெளிச்சமான விளக்கு, மருந்துப் பெட்டி வைக்கப் பின்னால் இரும்புச் சட்டம். ஹேண்டிலையும் உயரமாக மாற்றியிருந்தார்கள். உன் அப்பா இதற்கெல்லாம் பக்கத்திலேயே வரவில்லை. வராந்தாவில் பேப்பரை விரித்து வைத்திருப்பார், பக்கம் மட்டும் திரும்பாது.

முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்று வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். காற்று டப்பா இன்னும் மாட்டவில்லை, கார்புரேட்டரின் வாய் திறந்தபடி இருந்தது. நாலைந்து மிதியில் பிடித்துக்கொண்டது. புகையும் அந்தப் பழைய சத்தமும் வந்தன. உன் தங்கை சிரித்துக்கொண்டே ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பினாள். அவ்வளவுதான், இன்ஜின் தன் பாட்டுக்கு அலற ஆரம்பித்துவிட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள், குறையவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள், நிற்கவில்லை. அதன் ஒயர் கழன்றிருந்தது என்று பிறகுதான் பார்த்தோம். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்கிறது, ஸ்டாண்ட் தரையில் நகர்கிறது, வண்டி அவள் பக்கம் சாய்கிறது. ஒட்டடைக்குச்சி எழுந்திருக்கப் பார்த்து, குச்சி வழுக்கி உட்கார்ந்துவிட்டான். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவள் வண்டியை விடமாட்டேன் என்கிறாள்.

உன் அப்பா எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கையை நுழைத்து கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் அடைத்துவிட்டார். கை உள்ளே இழுபடுவது எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை விக்கிவிட்டு இன்ஜின் அடங்கிப்போனது.

"ஆக்ஸிலேட்டர் கேபிளை வேற வழியா கொண்டு போங்க. ஹேண்டிலைத் திருப்பினா இழுக்குது" என்றார். அவளிடம் நேராக அவர் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. உள்ளங்கையில் வட்டமாக ரத்தம் கட்டியிருந்தது. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பும்போது அப்படியே தரையில், ஒட்டடைக்குச்சிக்கு எதிரில் உட்கார்ந்தார். "அந்த சீல் நான் போட்டது தம்பி" என்றார்.

"தெரியும்ப்பா. அன்னைக்கு நான்தானே உங்களுக்கு டார்ச் பிடிச்சேன்" என்றான் அவன். வழுக்கிய குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனை நாள் அவனையே திட்டித் திட்டிப் பழகிட்டேன். இனிமே புதுசா ஒருத்தரைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை" என்றான். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று உள்ளே வந்துவிட்டேன்.

முந்தாநாள் உன் தங்கை அந்த வண்டியில் மலைக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் அப்பா கிளம்பும் முன் கேபிளையும் பிரேக்கையும் ஒயரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கிளட்ச் மேல எப்பவும் ரெண்டு விரல் இருக்கட்டும், இறுகுற மாதிரி இருந்தா உடனே பிடிச்சிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் முதல் தடவை கேட்பதுபோல் ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அரிந்த காயையே மறுபடி அரிந்தேன். தெருவில் எந்த வண்டி போனாலும் அவர் தலை திரும்பும். கடைசியில் அவள் இடுப்பு வரை சேறோடு வந்து நின்று, ஒரு மருந்துகூட வீணாகவில்லை, முன் பிரேக் மட்டும் கீச்சென்கிறது என்றாள். உன் அப்பா எழுந்து போய் பிரேக்கைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஆபீஸில் லீவு கேட்டிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அரை நாள் மட்டும் லீவு போட்ட மனுஷன். இப்போது பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை பஸ்ஸில் கிளம்பி, ரோடு முடியும் இடத்திலிருந்து எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறி உன்னைப் பார்க்க வருகிறார். "நான் வர்றேன்னு மட்டும் எழுது, எதுக்குன்னு எழுதாதே" என்றார். சாமான் லாரி இன்றைக்கே புறப்படுகிறது, அதனால் இது அவருக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

உன் முகாம் வாசலில் வந்து நிற்பார். முதலில் பாலத்தைப் பற்றிக் கேட்பார், சிமெண்டைப் பற்றிக் கேட்பார், சாப்பாடு எப்படி என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல். உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் சங்கடப்படுவதைப் பார்க்க முடியாமல், பரவாயில்லைப்பா என்று பாதியில் சொல்லி அவரைத் தப்பிக்க விட்டுவிடாதே, கண்ணு. உன் மனசு எனக்குத் தெரியும், நீ அப்படித்தான் செய்வாய். இந்த ஒரு தடவை வேண்டாம். அவர் சொல்லி முடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் குறுக்கே பேசாமல் இரு.

சொல்லி முடித்ததும் பசிக்கும் அவருக்கு. சூடாக ஏதாவது போடு.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா