பூக் கட்டாத கம்பு

என்னைத் திட்டாமல் ஒரு வேளையும் சோறு இறங்காத என் பொன்னம்மாக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் வீட்டுக்காரர், என் மாமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறார். உன் சிவப்புக் கோழி இப்போதும் என் அடுப்படியில் வந்துதான் முட்டையிடுகிறது. அந்த முட்டைக்காக நீ என்னோடு போட்ட சண்டையைச் சொல்லிச் சொல்லி ஊரே இன்னும் சிரிக்கிறது.

ஒரு சேதி அக்கா. நமக்கு விருது கொடுத்துவிட்டார்கள். கேலி இல்லை. செம்மேட்டில் பந்தல் போட்டு, மைக்கில் கூப்பிட்டு, எம்.எல்.ஏ. கையால் கேடயம் கொடுத்தார்கள். உன் பேரையும் சொன்னார்கள், முன்னால் 'மறைந்த' என்று ஒரு சொல்லைச் சேர்த்து. எனக்கு அது சுருக்கென்று இருந்தது.

இதை ஊரறியத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது நீ ரகசியமாக ஒரு வார்த்தை பேசியதுண்டா? மெதுவாகப் பேசினால் உனக்குத் தொண்டை வலிக்கும். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். 'ப்ளஸ் டூ படிச்ச திமிரு' என்று சொல்லாமல் பொறுத்துக்கொள்.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கிற நம் ஊருக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏறினால்தான் தார் ரோடு. 108 வண்டி அங்கேதான் வந்து நிற்கும். யாருக்காவது முடியாமல் போனால் மூங்கில் கம்பில் கம்பளியைக் கட்டி, அதில் படுக்கவைத்துத் தூக்கிப் போவோம். தொட்டில் என்று அதற்குப் பெயர். ஆண்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போய்விட்டார்கள். ஒரு நாள் பிரசவ வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் எல்லோரும் முழித்தபோது, நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏன், ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் தோள் இருக்குதா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து முன்னால் நீ, பின்னால் நான். அண்ணன் தம்பியைக் கட்டிய நாம் வீட்டில் எலியும் பூனையுமாக இருந்தோம். கம்புக்குக் கீழே போனால் மட்டும் நம் இருவருக்கும் நடையில் அடி தப்பியதே இல்லை.

தொட்டிலுக்கென்று நம் ஊரில் வழக்கங்கள் உண்டு. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் அப்படியே விலகிப் போகக் கூடாது. அடுத்த வளைவு வரைக்கும் தோள் கொடுத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். யார் வீட்டு ஆள் என்று கேட்கக் கூடாது. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியவனும் தோள் கொடுக்க வேண்டும். மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து வருவாரே பாய், அவர் முதல் முறை வெள்ளைச் சட்டையோடு மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா?

"எனக்கு முதுகு வலிம்மா" என்றார்.

"உள்ள படுத்திருக்கறவங்களுக்கு நெஞ்சு வலிங்க பாய். எது பெருசுன்னு நீங்களே சொல்லிப்போட்டுப் போங்க" என்றாய்.

மனுசன் தோளைக் கொடுத்தார். அதிலிருந்து மலையேறும்போதெல்லாம் பையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டுதான் வருகிறார், தோளுக்குப் போட.

இன்னொரு வழக்கம் பூ. உயிரோடு இருப்பவரைத் தூக்குகிற கம்பில் பூப் படக் கூடாது. தலையில் வைத்திருந்தால்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் நாம் கம்பைத் தொடுவோம். பூக் கட்டிய கம்பு செத்தவர்களுக்கு. அதற்கென்று வேறு கம்பு வெட்டுவார்கள்.

உன் நாளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐப்பசி மழை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நீ வலி என்று சொல்கிற ஆளே கிடையாது என்பதால் நான் யோசிக்கவே இல்லை, கம்பை எடுக்க ஓடினேன். உன் இடத்தில் முன்னால் மாமா. ஓடைக்கு வந்தால் தண்ணீர் கரை புரண்டு போகிறது. கல்லும் மரமும் உருண்டு வருகின்றன. வடியட்டும் என்று நின்றோம். சேற்றில் உன்னை இறக்க மனம் வரவில்லை. தோள் மாற்றி மாற்றி நின்றோம். அப்போதும் நீ கம்பளிக்குள்ளிருந்து, "மல்லிகா, உன்ற அடி தப்புது புள்ள" என்று அதட்டினாய். நாங்கள் நின்றுகொண்டல்லவா இருந்தோம், அக்கா.

வெயில் சாய்ந்த பிறகுதான் தண்ணீர் இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "காலையிலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். காலையிலேயேதான் கிளம்பினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவர வேறு கம்பு வெட்டி அதில் பூக் கட்டினோம். கட்டினது நான்தான்.

இந்த விருது வந்த கதைக்கு வருகிறேன். தொகுதியில் சேவை செய்கிறவர்களையும் தொண்டு நிறுவனங்களையும் தேடிப் பாராட்டப்போவதாக எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து ஒரு உதவியாளர் வந்தார். நம் தொட்டிலைப் பற்றிப் பாய் சொல்லியிருக்கிறார்.

"உங்க அமைப்புக்குப் பேர் என்னங்க?" என்றார் வந்தவர்.

"பேரெல்லாம் இல்லீங்க. ஊட்ல இருக்கறவங்க தூக்குவோம்" என்றேன்.

பேர் இல்லாமல் அழைப்பிதழ் அடிக்க முடியாதாம். அவரே யோசித்து 'வீரத் தோள்கள் மகளிர் அமைப்பு' என்று வைத்துவிட்டார். அதைக் கேட்டதும் மாமா சிரித்தார். உனக்குப் பின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் விழாவுக்குப் போக வேண்டாம் என்றார். "வேண்டாங்கண்ணு. பாலம் கேட்டு எத்தன மனு குடுத்தோம்? இப்பக் கையத் தட்டிப்போட்டாங்கன்னா, இவங்க நல்லாத் தூக்கறாங்க, தூக்கட்டும்னு விட்டுருவாங்க. பொன்னம்மா செத்ததுக்குச் சால்வையா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பாராட்டுகிறவர்களுக்கு முன்னால் குறை சொல்ல யாருக்குமே கூச்சம் வரும். கேடயத்தை வாங்கிக்கொண்டு, சிரித்து, போட்டோவுக்கு நின்றுவிட்டால், அடுத்த ஐப்பசியில் ஓடைக்கரையில் யாரை வைத்துக்கொண்டு நிற்போம்?

"போகாட்டி மட்டும் பாலம் வந்துருமுங்களா மாமா?" என்றேன். "இத்தன நாளும் நாம பேசறத ஆரும் கேக்கல. இப்ப அவங்களே மைக்கக் குடுக்கறாங்க. நான் வாரேன்னு சொல்லிட்டேன். கம்பையும் எடுத்துட்டுப் போறேன்."

மாமா எழுந்து போய்க் கோயில் சுவரோரம் இருந்த கம்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

நம்மோடு தோள் மாற்றுகிற பெண்களும் நானும் கிளம்பினோம். கம்பு பஸ்ஸுக்குள் நுழையவில்லை. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு மேலே கட்டச் சொன்னார். பந்தலில் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உனக்குப் பிடித்திருக்கும், காப்பியும் கொடுத்தார்கள். இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிற ஒரு அறக்கட்டளை, கூப்பிட்ட நேரத்துக்கு இரத்தம் கொடுக்க ஓடுகிற அடிவாரத்து ஜமாத் பையன்கள், கேட்பாரற்ற பிணங்களை அடக்கம் செய்கிற ஒரு பெரியவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கேலி செய்கிற எண்ணத்தோடு போனவள்தான் நான். அந்தப் பெரியவர் மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனசாரக் கை தட்டினேன்.

அடுத்து நம்மைக் கூப்பிட்டார்கள். கம்பை மேடையில் இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்திருந்தார்கள். வரவேற்பில் நின்ற ஒரு பெண், நல்ல மனசோடுதான், செண்டுமல்லிச் சரத்தை எடுத்து அதில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நம் பெண்கள் "ஐயோ, எடுங்க! எடுங்க!" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பூவைப் பிய்த்தார்கள். அந்தப் பெண் பயந்துபோய் நின்றாள்.

"என்னம்மா, பூ வேண்டாமா?" என்றார் எம்.எல்.ஏ.

மைக் என் பக்கத்தில்தான் இருந்தது. "வேண்டாமுங்க ஐயா. பூக் கட்டுனா அது பொணத்துக்குங்க. எங்க அக்காளுக்குக் கட்டுனோம். ஓடையில தண்ணி, தாண்ட முடியல. அதுக்கு மேல ஆருக்கும் கட்டறதா இல்லீங்க."

எம்.எல்.ஏ. குனிந்து, கம்பின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பூத்துண்டைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபோது இந்த ஆளிடம் பேசலாம் என்று தோன்றியது.

அவர் நம்மைப் புகழ்ந்து பேசினார். இந்தச் சகோதரிகளின் தோள் உள்ளவரை மலையில் மனிதம் சாகாது என்றார். எல்லோரும் தட்டினார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் இறங்கவில்லை.

"ஏனுங்க ஐயா, எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுங்க. தொட்டிலுக்கு எதுர்ல வாரவங்க அடுத்த வளைவு வரைக்கும் தோள் குடுக்கணும். நீங்க இன்னைக்கு எங்க எதுர்ல வந்துட்டீங்க."

அவர் சிரித்தார். நம் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"வர்றேம்மா" என்றார்.

"எப்பங்க?"

உதவியாளர் காதருகே என்னவோ சொல்ல வந்தார். எம்.எல்.ஏ. கையைக் காட்டி அவரை நிறுத்தி, "வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார். இந்த முறை பந்தலில் எழுந்த கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

வந்தார், அக்கா. வருவாரா மாட்டாரா என்று மாமாவும் நானும் பந்தயம் கட்டியிருந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் கட்டித் தோற்றிருப்போம். வெறும் தொட்டிலைத் தூக்கக் கூடாது என்பதால் ரேஷன் அரிசி மூட்டையை அதில் வைத்தோம். அவர் முன்னால், உன் இடத்தில். நான் பின்னால். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "எறக்கி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"அரிசிங்கறதால எறக்கலாமுங்க" என்றேன்.

இறக்கவில்லை. ஓடைக்கரை வரைக்கும் வந்துவிட்டார். தண்ணீர் கணுக்காலளவுதான் ஓடியது. நீ இருந்த இடத்தைக் காட்டினேன். "இங்கதானுங்க நின்னுட்டிருந்தோம்." அவர் தோளைத் தேய்த்தபடி அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

"இது வனத்துறை இடம்மா. என் கையில மட்டும் இல்ல" என்றார்.

"எங்க கையிலயும் மட்டும் இல்லீங்க. அதனாலதானுங்க தோள் மாத்தக் கூப்பிட்டோம்."

அவர் தலையாட்டினார். சில நாள் கழித்து அளக்கிறவர்கள் வந்தார்கள். இரண்டு கரையிலும் கல் நட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். நீ இருந்திருந்தால் அவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்திருப்பாய், காரச் சட்னியில் அழவும் விட்டிருப்பாய். கிழங்கை நான் வேகவைத்தேன். சட்னி உன் அளவுக்கு வரவில்லை.

பாலம் வந்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை. ஃபைல் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போயிருக்கிறது. வனத்துறை சம்மதம் வர வேண்டும் என்கிறார்கள். எம்.எல்.ஏ. போனை எடுக்கிறார், சில நாள் எடுப்பதில்லை. நாங்கள் சும்மா இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் நாமக்கல் போகிறோம். போன வாரம் நான், இந்த வாரம் நம்மோடு கம்பு தூக்குகிற சின்னப்பொண்ணு, அடுத்த வாரம் மாமா. அங்கேயும் தோள் மாற்றித்தான் போகிறோம். "போன வாரந்தானே வந்தீங்க?" என்று மனு வாங்குகிறவர் அலுத்துக்கொண்டால், "அது அவங்க, இது நானுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையில் நிற்கிறோம். பாயும் ஒரு திங்கட்கிழமை வந்தார், அதே துண்டோடு.

கேடயத்தை நான் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கோயில் சுவரில் கம்புக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம். மாமா ஆடு மேய்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஓடையில் அந்தச் சிவப்புக் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். மழையில் ஒன்று சாய்ந்தது. நாங்களே நிமிர்த்தி, சுற்றிலும் கல் அடைத்து நிறுத்திவிட்டோம்.

அக்கா, நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீ காத்துக் கிடந்த அந்த இடத்தில் பாலம் வரும்வரை நான் விடமாட்டேன். அதுவரை யாருக்கு முடியாமல் போனாலும் பின்னால் நான் இருப்பேன். என் அடி தப்பாது. பாலம் கட்டி முடிந்து, நம் ஊர் வாசலுக்கே 108 வண்டி வந்து நிற்கிற அன்றைக்கு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போவேன். நம் கம்பை எடுப்பேன். முனை முதல் முனை வரைக்கும் செண்டுமல்லி கட்டுவேன். எல்லோரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், பாலத்தின் மேல் நின்று, கீழே ஓடுகிற தண்ணீரில் விடுவோம்.

இப்படிக்கு,
அன்றைக்கும் உனக்குப் பின்னால் வரப்போகும்
உன் ஓரகத்தி மல்லிகா