பதினேழாம் ரூட்டுக்கு எவ்வளவு நேரம்

மார்ச் 4, செவ்வாய்

148 பார்சல். பதினேழாம் ரூட்டுக்குக் கம்பெனி வைத்திருக்கும் நேரம் ஏழு மணி நாற்பது நிமிடம். நான் ஏழு மணி பன்னிரண்டில் முடித்தேன். கிடங்கு வாசல் பலகையில் இந்த வாரமும் என் பெயர்தான் முதலில். "இவங்களைப் பார்த்துக் கத்துக்கங்கப்பா" என்று மேற்பார்வையாளர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். டிபன் டப்பா கொண்டுபோன கனத்திலேயே திரும்பி வந்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

புதன்கிழமைகளில் எனக்கு விடுப்பு. அன்று என் ரூட்டை விசில் அண்ணன் ஓட்டுவார். விசிலடித்துக்கொண்டே பார்சல் ஏற்றுவதால் அந்தப் பெயர். இன்று காலை அவர் கையில் ஒரு கடிதம். நேற்று ஐம்பத்து மூன்று நிமிடம் தாமதமாம். இது இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

"எப்படிண்ணே இவ்வளவு லேட்டு?" அக்கறையில்தான் கேட்டேன்.

"ஏம்மா, உன் ரூட்டுக்கு யார் டைம் போட்டதுன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?"

தெரியாது. கம்பெனியில் யாரோ படித்தவர்கள் கணக்குப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீ ஓடுன ஓட்டம்தாம்மா அது. போன வருஷம் நீ முடிச்ச நேரத்தை எடுத்து, மேல கொஞ்சம் போட்டு, அதையே ரூட்டுக்கு வச்சுட்டாங்க. உன் முட்டி வேற, என் முட்டி வேற."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். படவில்லை.

மார்ச் 7

வேகமா வேலை பார்த்தது ஒரு குத்தமா? யாரையாவது கெடுக்கணும்னா ஓடினேன்? பலகையில பேரு வந்தா நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். சின்ன வயசுல இருந்து எதுலயும் முதல்ல வந்ததில்ல.

மார்ச் 10, திங்கள்

இன்று ஓடிக்கொண்டே என்னை நானே கவனித்தேன். காலை பத்து மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறை தேட வேண்டும், பத்து நிமிடம் போய்விடும். சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறேன். மதியம் கையடக்கக் கருவியில் 'இடைவேளை' பொத்தானை அழுத்துவேன். அந்த அரைமணியிலும் பார்சல் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஆக, நான் சாப்பிட்டதாகவும் அந்த நேரத்துக்குள் வேலையையும் முடித்ததாகவும் கம்பெனி நம்புகிறது. அந்த நேரத்துக்குள்தான் அண்ணனையும் ஓடச் சொல்கிறது.

மார்ச் 11

புதன் விடுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணனுக்கு மூன்றாவது கடிதம் வரக்கூடாது. வீட்டுக்காரர், "எத்தனை புதன் இப்படி ஓட்டுவே?" என்றார். 

மார்ச் 13, வியாழன்

மேற்பார்வையாளரிடம் போய், "என் ரூட்டை மறுபடி அளந்து பாருங்க சார்" என்றேன்.

"உங்களுக்கென்ன, நேரத்துக்கு முன்னாடியே முடிக்கிறீங்க. அளந்தா பலகையில உங்க பேருக்குத்தான் ஆபத்து."

"பரவால்ல சார்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறாராம்.

மார்ச் 20, வியாழன்

நேரம் அளப்பவர் வந்தார். மடியில் டேப்லெட்டோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என் தம்பி வயதுதான் இருக்கும். "வழக்கம்போலப் பண்ணுங்க அக்கா, நான் இருக்கறதையே மறந்துடுங்க."

மறப்பதா? முதல் ஒரு மணி நேரம் கால்கள் தானாக ஓடப் பார்த்தன. நில்லுடி, நட, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெல்ட்டை ஒழுங்காக மாட்டினேன். மணியடித்துக் கதவு திறக்கும்வரை நின்றேன். பெட்ரோல் பங்கில் இரண்டுமுறை வண்டியை நிறுத்திக் கழிப்பறைக்குப் போய்வந்தேன். தண்ணீர் குடித்தேன், அடிக்கடி.

எட்டு மாடிக் கட்டடத்தில் இன்றும் லிஃப்ட் ஓடவில்லை. ஆறாம் மாடிக்குப் பார்சல். நான்காவதில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அக்கா... ஒரு நிமிஷம்... மூச்சு..." சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மதியம் வண்டிக்குள் டப்பாவைத் திறந்தேன். அவர் டேப்லெட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பழைய பதிவுலயும் தினம் அரைமணி இடைவேளை இருக்கே. அப்பவும் சாப்பிட்டுத்தானே முடிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சோறு. விழுங்கினேன்.

"இல்ல தம்பி. பட்டனை மட்டும் அழுத்துவேன். ஒருநாளும் சாப்பிட்டதில்ல."

டேப்லெட்டிலிருந்து கையை எடுத்தார். "இதை எழுதினா உங்க மேலதான் நடவடிக்கை வரும்."

"எழுதலேன்னா அந்தப் பழைய நேரமே நிக்கும்ல?"

"நிக்கும்."

"அப்ப எழுதுங்க."

எழுதினார்.  வேலையே போய்விட்டால்? மீதி பார்சல்களை எப்படிக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

மொத்தம் ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

மார்ச் 28, வெள்ளி

கடிதம் வந்தது. எனக்கு. இடைவேளையைப் பொய்யாகப் பதிந்ததற்கு எச்சரிக்கை. எனக்கு இதுதான் முதல் கடிதம். வேலை இருக்கிறது. பலகையில் பெயர் இல்லை.

அழுகை வரல. வந்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

அளந்த கணக்குப்படி இந்த வாரத்திலிருந்து பதினேழாம் ரூட்டுக்கு 124 பார்சல். நேரம் அதே ஏழு நாற்பது. நேற்று விடுப்பு எடுத்தேன். அண்ணன் ஏழு முப்பத்தைந்தில் வந்துவிட்டாராம். கடிதம் இல்லை. இன்று என்னைப் பார்த்து, "உன்னையும் மாட்டி விட்டுட்டேனேம்மா" என்றார். "நானாத்தான் போய் மாட்டினேன்" என்றேன்.

எடுத்த இருபத்து நான்கு பார்சலையும் பதினெட்டாம் ரூட் தலையில் கட்டிவிட்டார்கள். அதை ஓட்டுபவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நீங்களும் அளக்கச் சொல்லுங்க" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கோபம் நியாயம்தான். நாளை மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

எட்டு மாடிக் கட்டடத்து ஆறாம் மாடி அம்மாளுக்கு மருந்துப் பெட்டி. மணியடித்துவிட்டு நின்றேன். ஊன்றுகோலோடு மெதுவாக வந்து கதவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீ புதுசாம்மா? முன்னாடி ஒரு பொண்ணு வரும். மணியடிச்சுட்டுப் பறந்துடும். மூணு வருஷத்துல அது முதுகைத்தான் பார்த்திருக்கேன். வேலையை விட்டுடுச்சா?"

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "விட்டுட்டாங்க."