வெறுங்கால் பேக்

1958 பங்குனி 23, சனிக்கிழமை.

கோடைப் போட்டிக்கான எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் ஹாக்கி டீம் பட்டியலை இன்று கேட்டில் ஒட்டினார்கள். அண்ணன் பெயர் இல்லை. அவன் வெறுங்காலோடு ஆடுகிறானாம். வெளியூர்க்காரர்கள் முன்னால் அது கம்பெனிக்கு அசிங்கமாம். அவன் இடத்தில், பின்னால் நின்று பந்தைத் தடுக்கும் பேக் ஆட, முதலாளியின் மச்சினன் வருகிறார். அவரிடம் பூட்ஸ் இருக்கிறது.

கரிசல் வெடித்துக் கிடக்கும் மைதானத்தில் பூட்ஸ் போட்டவன் வெடிப்பைப் பார்ப்பானா, பந்தைப் பார்ப்பானா? அண்ணன் குனிந்தே பார்ப்பதில்லை. அவன் காலே வெடிப்பைத் தாண்டிவிடும். பக்கத்தில் தீக்குச்சி காயப்போடும் களத்தில் நின்று மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். மச்சினன் நேற்று ஆடிப் பழகும்போதே இரண்டு தடவை விழுந்தார்.

"என்னட்டி முனங்குத? நீதான் டீம் எடுக்கப் போறியோ?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் நான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "நீ தெனமும் பாக்கியே, நான் அம்புட்டு மோசமாவா ஆடுதேன்?" என்று கேட்டான். அழுதுவிடுவேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, விடுட்டி. புரியுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.